கழற்றப் போகிறவர்

நான் கட்டிய சுவர் ஒன்று, நான் அங்கே இல்லாத ஓர் இரவில், எனக்கு முகம் தெரியாத ஒருவரின் கால்மீது விழுந்தது.

செங்கல் சுவர் இல்லை. பிளைவுட்டும் எம்டிஎஃப் பலகையும் சேர்த்து அடித்து வெள்ளைச் சாயம் பூசிய எட்டடிச் சுவர். கோலாலம்பூரில் ஒரு வணிகக் கண்காட்சி. அப்போது நான் ஜொகூர் பாருவில் ஒரு குத்தகையாளரிடம் நாள்கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். காலை பத்து மணிக்குத் திறப்பு. இரவு இரண்டு மணி ஆகியும் எங்கள் சுவர் முடியவில்லை. ஒவ்வொரு சட்டத்தையும் திருகாணி போட்டு முடுக்கினால் விடிந்துவிடும். ஆணித் துப்பாக்கியை எடுத்து வரிசையாக அடித்தோம், மூலைகளில் பசையை ஊற்றினோம், மேலே புட்டி பூசி எல்லாவற்றையும் மறைத்தோம். "மூணு நாளைக்குத்தானே லா, எதுக்கு ஸ்குரூ?" என்றார் மேற்பார்வையாளர். நியாயமாகத்தான் பட்டது. பக்கத்தில் நின்ற புதுப்பையனிடம் நானும் அதையே சொன்னேன்.

மூன்றாம் நாள் இரவு அதைக் கழற்ற வேறு ஆட்கள் வந்தார்கள். ஏஜெண்டு அனுப்பியவர்கள். கண்ணுக்குத் தெரிந்த நான்கு திருகாணிகளைக் கழற்றியிருக்கிறார்கள். சுவர் அசையவில்லை. சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். அப்போதும் அசையவில்லை. பிறகு மொத்தமாக வந்துவிட்டது. ஒருவருக்குப் பாதத்தில் எலும்பு முறிவு. அவர் பங்களாதேஷ்காரர் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

இது எனக்குத் தெரியவந்தது ஒரு வாரம் கழித்து, மச்சாப் ஓய்விடத்தில் தே தாரிக் குடிக்கும்போது. லோரி ஓட்டும் அண்ணன் போகிற போக்கில் சொன்னார். "எந்த மடையன் அடிச்சானோ தெரியல தம்பி, உள்ளுக்குப் பூரா ஆணியா அடிச்சு வெச்சிருக்கான்." அந்த மடையன் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு லோரியில் ஏறிக்கொண்டேன்.

அந்த மௌனத்தைப் பல வருடங்களாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருந்தது. மேற்பார்வையாளர் சொன்னதைத்தான் செய்தேன். சுவர் கண்காட்சி முடியும்வரை உறுதியாக நின்றது. வாடிக்கையாளருக்குத் திருப்தி. ஒரு கட்டுமானத்திடம் கேட்க வேண்டியதையெல்லாம் அது கொடுத்துவிட்டது. ஆனாலும் ஒருவரின் கால் உடைந்திருக்கிறது. அப்படியானால் கேட்கவேண்டிய ஏதோ ஒன்றை நாங்கள் கேட்காமல் விட்டிருக்கிறோம். அழியப்போகும் ஒன்றைச் செய்கிறவனுக்கு, அதை அழிக்கப்போகிறவர்மீது ஏதாவது கடமை உண்டா?

இந்தத் தொழிலைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் இதற்குள் நடந்தவர்கள்தான். கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தகக் கண்காட்சிக்கோ, 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கோ போயிருப்பீர்கள். புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள், தடுப்புகளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வணிகக் கண்காட்சிக் கூடங்களில் வழக்கமான சிறிய கடை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். அலுமினியத் தூண், அதன் பள்ளத்தில் செருகும் வெள்ளைப் பலகை, மேலே நிறுவனத்தின் பெயர்ப்பட்டை, இரண்டு விளக்கு, ஒரு மின்செருகி, தரையில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி விரித்த கம்பளம். அந்தத் தூண்களை ஓர் ஆலன் சாவியால் முடுக்கலாம், அதே சாவியால் கழற்றலாம். அதைக் கண்டுபிடித்தவர் கட்டுகிறவரையும் கழற்றுகிறவரையும் ஒரே நேரத்தில் யோசித்திருக்கிறார்.

சிக்கல் பெரிய நிறுவனங்களின் கடைகளில்தான். அவர்கள் வெறும் தரையை மட்டும் வாடகைக்கு எடுப்பார்கள். அதன்மேல் மரத்தில் வளைவு, மேடை, கோபுரம் எல்லாம் எழும்பும். ஜொகூரில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. மூவார் தளவாடத் தொழிலுக்குப் பேர்போன ஊர். கோலாலம்பூரில் 1995இல் தொடங்கிய மலேசிய அனைத்துலகத் தளவாடக் கண்காட்சிக்கு அங்கிருந்து நாற்காலியும் கட்டிலும் லோரி லோரியாகப் போகும். இன்னொரு பக்கம் சிங்கப்பூர். இடவாடகையும் கூலியும் இங்கே மலிவு என்பதால் சிங்கப்பூரில் நிற்கும் சுவர்கள் பல ஜொகூரின் பட்டறைகளில் பிறக்கின்றன. துவாஸ் பாலத்தைத் தாண்டிப் போய் மூன்று நாள் நின்றுவிட்டு, பெரும்பாலும் அங்கேயே குப்பைத் தொட்டியில் முடிகின்றன. அறுப்பது ஓர் ஊரில், உடைப்பது இன்னொரு நாட்டில். சுவரைக் கட்டியவனும் கழற்றுகிறவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

நேரத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. கட்டுவதற்கு இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் தருவார்கள். கழற்ற ஓர் இரவு. மாலையில் "வருகைக்கு நன்றி" என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் கூடம் முழுக்க டேப் கிழிபடும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடுவார்கள், குளிர்சாதனம் நின்றுவிடும். விடிவதற்குள் தரையைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் முன்பணத்தில் கழித்துக்கொள்வார்கள். கட்டும்போது தச்சர், மின்பணியாளர், வடிவமைப்பாளர், படமெடுக்க ஒருவர் என எல்லோரும் இருப்பார்கள். கழற்றும்போது ஆகக் குறைந்த கூலிக்குக் கிடைக்கிறவர்கள் மட்டும்தான். விலைப்பட்டியலைப் பாருங்கள். கம்பளத்துக்கு ஒரு விலை, விளக்குக்கு ஒரு விலை, பூச்சாடிக்குக்கூட ஒரு விலை. கடைசி வரியில் "கழற்றுதல்" என்று இருக்கும். அதற்கு நேராக "உட்பட" என்று எழுதியிருக்கும். முடிவுக்கு யாரும் தனியாக விலை போடுவதில்லை.

ஹன்னா அரென்ட் 1958இல் எழுதிய 'மனித நிலை' என்ற நூலில் மனிதர்கள் செய்யும் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார். சமைப்பது, கழுவுவது, துடைப்பது போன்றவை உழைப்பு. செய்த உடனே தீர்ந்துவிடும், நாளைக்கு மறுபடி செய்ய வேண்டும். மேசை செய்வது, வீடு கட்டுவது, புத்தகம் எழுதுவது போன்றவை ஆக்கம். செய்தவனுக்குப் பிறகும் அது உலகில் நிற்கும், மனிதர்களுக்கு நடுவே ஒரு பொது இடத்தை உண்டாக்கும். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. நான் செய்வது எதில் சேரும்? கையில் தச்சனின் வேலை இருக்கிறது. பொருளுக்கோ சோற்றின் ஆயுள். ஒரு மேசையைப் போலக் கவனமாகச் செய்து ஒரு தட்டுச் சோற்றைப் போலத் தீர்த்துவிடுகிறோம்.

நம் மரியாதை பெரும்பாலும் நிலைப்பவற்றுக்குத்தான். தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டியவனுக்குச் சிலை வைக்கிறோம், திருவிழாப் பந்தல் போட்டவரின் பெயர் மறுநாளே யாருக்கும் நினைவில்லை. பாசார் மாலாமில் தினமும் ஒரு சாலையில் கூடாரம் அடித்து, நள்ளிரவுக்குள் பிரித்து, மறுநாள் இன்னொரு சாலையில் அடிக்கிறவர்களை யாரும் கட்டுமானக்காரர்கள் என்று நினைப்பதில்லை. இந்த மதிப்பீட்டிலிருந்துதான் "மூணு நாளைக்குத்தானே" என்ற வாக்கியம் வருகிறது என நினைக்கிறேன். ஆயுள் குறைந்ததற்குப் பொறுப்பும் குறைவு என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கு தப்பு என்று 2020இல் உலகமே பார்த்தது. மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஜொகூர் பாலத்தில் அன்றாடப் போக்குவரத்து நின்றது. கண்காட்சிகள் எல்லாம் ரத்து, எங்கள் பட்டறையில் எலிதான் ஓடியது. ஆனால் கூடங்கள் காலியாக இல்லை. செர்டாங்கின் மேப்ஸ் கண்காட்சி வளாகம் நோயாளிகளைத் தங்கவைக்கும் இடமானது. சிங்கப்பூர் எக்ஸ்போ கூடங்களிலும் லண்டன் எக்செல் கூடத்திலும் தடுப்புகள் எழும்பின, ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு கட்டில். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது என் கண் நோயாளிகளிடம் போகவில்லை, வெட்கத்தோடுதான் சொல்கிறேன், தூண்களிடம் போனது. நாங்கள் போடுகிற அதே மாதிரித் தடுப்புதான். அதுவும் தற்காலிகம்தான். ஆனால் அதற்குள் காய்ச்சலோடு படுத்திருப்பவரிடம் போய் "மூணு நாளைக்குத்தானே" என்று சொல்ல முடியுமா? ஒரு சுவரின் பொறுப்பை அதன் ஆயுளை வைத்து அளக்க முடியாது. அதன் அடியில் யார் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இதுவரை ஒப்புக்கொள்வது சுலபம். சுவர் நிற்கும்வரை அதனடியில் இருப்பவருக்கு நாம் பொறுப்பு, சட்டமும் அதைத்தான் சொல்லும். என் கேள்வி அதற்கு அடுத்த நொடியைப் பற்றியது. சுவர் தன் வேலையை முடித்துவிட்டது. இப்போது அதனடியில் நிற்பவர் வாடிக்கையாளரோ பார்வையாளரோ இல்லை. யாருடைய விலைப்பட்டியலிலும் இல்லாத ஒருவர்.

1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் பெருங்கண்காட்சிக்காகக் கட்டிய பளிங்கு மாளிகையின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கண்காட்சி முடிந்ததும் பூங்காவைக் காலி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஜோசப் பாக்ஸ்டன் ஒரே அளவிலான கண்ணாடிகளையும் இரும்புத் துண்டுகளையும் வைத்து அதை வரைந்தார். சுமார் 3 லட்சம் கண்ணாடிகள். கட்டுமானத்தின்போது சுற்றிலும் அடித்த வேலிப் பலகைகளே பிறகு உள்ளே தரைப்பலகை ஆயின. மே மாதம் திறந்தது, அக்டோபரில் மூடியது. பிறகு கழற்றி சிடன்ஹாமுக்குக் கொண்டுபோய் 1854இல் இன்னும் பெரிதாக எழுப்பினார்கள். 1936இல் தீக்கிரையாகும்வரை அங்கே நின்றது. மூன்று நாள் பொருள் என்று நினைக்காமல் செய்ததால்தான் அது 85 வருடம் இருந்தது என்று இதற்கு ஒரு நீதி சொல்லலாம். எனக்கு அந்த நீதி வேண்டாம். அது மறுபடியும் நீண்ட ஆயுளைத்தான் புகழ்கிறது. அது அழகாகக் கழன்றது என்பதுதான் எனக்கு முக்கியம். கழற்றும் நாளையும் கட்டும் நாளிலேயே யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஜொகூர் பாருவில் எங்கள் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலிலும் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் என்பார்கள். அவை பெயர்க்கக் கூடாது என்றே பதித்தவை, அங்கே அதுதான் சரி. எதை ஒட்ட வேண்டும், எதைத் திருக வேண்டும் என்று தெரிவதும் ஒரு நேர்மை. கழற்றப்போவது தெரிந்தே ஒட்டுவதுதான் பொய்.

இந்தப் பொய் பலகையோடு நிற்பதில்லை. என் பாட்டி கூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் என்பது தொடங்கும்போது எல்லாம் யோசித்துத் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு. எத்தனை மரத்துக்கு எத்தனை ஆள், எத்தனை ஆளுக்கு எத்தனை லயம், பள்ளி எங்கே, கோவில் எங்கே, கள்ளுக்கடை எங்கே. முடியும்போது இவர்கள் எங்கே போவார்கள் என்று மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. 1950களில் தோட்டத் துண்டாடல் பரவியபோது அந்த வெற்றிடம் தெரிந்தது. தொழிலாளிகள் தங்கள் சேமிப்பைப் போட்டுத் தோட்டங்களை வாங்க 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதனால்தான். பாட்டியின் தோட்டம் அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து வீட்டுமனை ஆனது. ஒரு கடிதம் வந்தது, பிறகு இயந்திரம் வந்தது. பாட்டி அடிக்கடி சொல்லும், "வரச் சொல்லிக் கூப்பிட்டவன் போகச் சொல்லத் தெரியாம நின்னான்." வேலைக்கு ஆள் எடுக்கும்போது காட்டும் அக்கறையில் பாதிகூட அனுப்பும்போது இருப்பதில்லை. அலுவலகமோ, அமைப்போ, உறவோ, கட்டுவதில் திறமையானவர்கள் நிறைய. கழற்றும் நாளை மனதில் வைத்துக் கட்டியவர்கள் எத்தனை பேர்?

கட்டுப்பாடுகள் தளர்ந்து 2022 ஏப்ரலில் பாலம் முழுமையாகத் திறந்தபோது நானும் என் தாய்மாமாவும் சொந்தமாக இந்தத் தொழிலைத் தொடங்கினோம். மாமா முப்பது வருடத் தச்சர். எஸ்எஸ்எம்மில் வியாபாரப் பெயரைப் பதிய வருடத்துக்கு 60 வெள்ளி. அதுதான் இந்தத் தொழிலில் ஆகச் சுலபமான செலவு. பழைய லோரி ஒன்று, மாசாயில் ஒரு கொட்டகை, மாமாவின் கருவிகள். மச்சாப் தேநீர்க் கதையை முதன்முதலாக மாமாவிடம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஆளுக்கு நீ யாருன்னு தெரியாது. ஆனா உன் கைய அவருக்குத் தெரியும்டா" என்றார்.

மூன்று வழக்கங்களை வைத்துக்கொண்டோம். பாரம் தாங்கும் இணைப்பில் பசை இல்லை, திருகாணிதான், அதுவும் பின்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இரண்டாவது, பலகையின் பின்னால் மார்க்கரால் எழுதுவது: எதை முதலில் கழற்றுவது, எத்தனை கிலோ, எத்தனை பேர் பிடிக்க வேண்டும், மின்கம்பி எங்கே. கழற்ற வருகிறவர் தமிழரோ மலாய்க்காரரோ நேப்பாளியோ தெரியாது. அதனால் எழுத்தைவிட எண்ணும் அம்பும் படமும்தான் அதிகம். மூன்றாவது, விலைப்பட்டியலில் கழற்றுதலுக்குத் தனி வரி, தனி விலை, அந்த ஆட்களுக்கு அன்றிரவே கூலி. வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர இரண்டு மாதம் ஆகும், அதனால் அந்தக் கூலிப் பணத்தை வேலை தொடங்கும்போதே ஓர் உறையில் போட்டு மாமா வைத்துக்கொள்வார்.

இதைக் கேட்டு எங்களைப் பெரிய தர்மவான்கள் என்று நினைத்துவிடாதீர்கள். "ஒடைக்கிறதுக்கு எதுக்குத் தனியா காசு?" என்று கேட்டவர்களிடம் வேலையை இழந்திருக்கிறோம். இழந்த வேலையை வாங்கியவர் ஆணியும் பசையும் போட்டுத்தான் செய்திருப்பார். அந்தச் சுவரைக் கழற்றியவருக்கு என் கொள்கையால் என்ன லாபம்? என் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதானே? இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கழற்றிய பலகையை மறுபடி பயன்படுத்த முடிவதால் மரச்செலவு குறைகிறது என்று கணக்குக் காட்டலாம். காட்டியும் இருக்கிறேன், சில வாடிக்கையாளர்கள் அதற்காகவே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் லாபம் வருவதால் மட்டும் சரி என்றால், லாபம் வராத நாளில் அது சரியில்லை என்றாகிவிடும்.

அப்படி ஒரு நாளும் வந்தது. கடைசி நேரத்தில் வாடிக்கையாளர் வரைபடத்தை மாற்றினார். நள்ளிரவு தாண்டிவிட்டது. மாமாவைப் பார்த்தேன், மாமா என்னைப் பார்த்தார். ஆணித் துப்பாக்கியை நான்தான் எடுத்தேன். அடித்து முடித்ததும் மாமா சிவப்பு மார்க்கரோடு சுவரின் பின்னால் போய் ஒவ்வொரு ஆணி இருக்கும் இடத்திலும் ஒரு சின்ன ஆணிப் படம் வரைந்தார். இருபதோ முப்பதோ இருக்கும். கீழே சுவரை இருவர் தாங்கிப் பிடிப்பது போல இரண்டு மனிதர்கள். "தப்பு பண்ணிட்டோம். எங்க பண்ணோம்னாவது சொல்லணும்ல" என்றார். அன்று எனக்கு ஒன்று புரிந்தது. அடுத்து வருகிறவருக்கு நாம் தரவேண்டியது குறையில்லாத சுவர் இல்லை. அது எப்போதும் முடியாது. இந்தச் சுவரைப் பற்றிய உண்மை அவருக்குத் தெரிய வேண்டும். அன்று அந்த இரவில் நான் ஆணி அடித்தது பாதிக் குற்றம். புட்டி பூசி மறைத்ததுதான் மீதி.

காலுடைந்தவரைத் தேடினாயா என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை அந்த ஏஜெண்டிடம் விசாரித்தேன். "அவன் எப்பவோ போய்ட்டான்" என்றார். எங்கே என்று கேட்டதற்குக் கையை மட்டும் விரித்தார். அதற்குமேல் தேடவில்லை. தேடியிருக்கலாம்.

போன மாதம் ஒரு கண்காட்சியில் கழற்றும் வேலையைக் கூடத்தின் ஆட்களே செய்துகொண்டார்கள், நாங்கள் லோரியை மட்டும் அனுப்பினோம். திரும்பி வந்த பலகைகளைக் கொட்டகையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார். ஒரு பலகையின் பின்னால் நான் எழுதிய 3ஐயும் 4ஐயும் யாரோ பென்சிலால் அடித்து இடம் மாற்றி எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஓர் அம்பு, அதற்குக் கீழே ஒரே ஒரு சொல், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில். சுவரை மறுபடி நிறுத்தி இருவரும் கழற்றிப் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. என் வரிசையில் கழற்றினால் மேல்சட்டம் முதலில் சாய்கிறது.

"வர வாரம் போறப்ப மாத்தி எழுதிரு" என்றார் மாமா. எழுதிவிட்டேன். அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறேன்.